கன்னம் போட்ட போன்

ரஞ்சிதாவின் பழைய போன் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் தீவன மெஷினுக்குள் விழுந்து அரைபட்டது. மக்காச்சோள மூட்டையைச் சாய்க்கக் குனிந்தபோது, தோளுக்கும் காதுக்கும் நடுவே அவள் இடுக்கி வைத்திருந்த போன் நழுவி, சோளத்தோடு சோளமாக உள்ளே போய்விட்டது. திருச்செங்கோட்டிலிருந்து பேசிக்கொண்டிருந்த அவள் அக்கா வசந்தாமணிக்குக் கடகடவென்று ஒரு சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு எதுவும் கேட்கவில்லை.

ரஞ்சிதாவும் அவள் கணவன் கதிர்வேலும் புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் எட்டாயிரம் கோழிகள் வைத்துப் பண்ணை நடத்துகிறார்கள். போனைத் தின்ற கோழி போடும் முட்டையை யார் வாங்குவார்கள் என்று பயந்து, அன்று அரைத்த தீவனம் முழுவதையும் குழி வெட்டிப் புதைத்தார்கள். மண்ணை மூடிவிட்டு மண்வெட்டியைச் சாய்த்து வைத்தபோது கதிர்வேல் சொன்னான்.

"இப்பவாச்சும் ஒரு நல்ல போன் வாங்கிரலாம்."

குரலில் துக்கம் இருந்தது. முகத்தில் இல்லை.

"அதுக்கு என்ன கொறச்சலுங்க. ஒம்பது வருசத்துல ஒருக்காத்தான் நழுவுச்சு" என்றாள் ரஞ்சிதா.

அது பொத்தான் வைத்த சின்ன போன். பேசலாம், டார்ச் அடிக்கலாம். மற்றதெல்லாம் கதிர்வேலின் போனில்தான் நடந்தது. முட்டை விலை அதில்தான் வரும். பண்ணைக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர், "ஒரு போட்டோ அனுப்புங்க" என்றால் கதிர்வேலைத்தான் தேட வேண்டும். போன மாதம் சேலத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் ரசம் ஊற்றும் நேரத்தில் அவளிடமிருந்து அழைப்பு வந்தது. பாதி இலையில் எழுந்து, பஸ் பிடித்து வந்து, ஒரு கோழியின் கொண்டையைப் படம் எடுத்தான். அந்த இலையில் அப்போதுதான் பாயசம் வைத்திருந்தார்கள். அதை அவன் இன்னும் மறக்கவில்லை.

வியாழக்கிழமை புது சிம் கைக்கு வந்ததும் இருவரும் நாமக்கல்லில் ஒரு செல்போன் கடைக்குப் போனார்கள். கடையில் தேவிப்ரியா என்றொரு பெண் இருந்தாள். வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது. ஆனால் எந்தப் போனில் எத்தனை கேமரா, எவ்வளவு இடம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள்.

"இதுல மூணு கேமராங்க்கா. நிலாவக்கூட கிட்டக்க எடுக்கலாம்."

"நிலாவ எடுத்து நான் என்ன கண்ணு பண்றது. பேசுனா கேக்குமா?"

மூன்று மாதத்தில் தேவிப்ரியாவை யாரும் அந்தக் கேள்வி கேட்டதில்லை. கையிலிருந்த போனை ஒருமுறை திருப்பிப் பார்த்தாள்.

"கேக்கும்னுதான் நெனைக்கறங்க்கா" என்றாள்.

"தோளுல இடுக்கிக்கிட்டுப் பேசுனா?"

"அதெல்லாம் எதுக்குங்க்கா. காதுல மாட்டற புளூடூத் இருக்குது. கை ரெண்டும் சும்மா இருக்கும்."

ரஞ்சிதா தலையைச் சாய்த்துக் காதைக் காட்டினாள். கம்மலுக்குக் கீழே சின்னத் தழும்பு இருந்தது. "காதுல மினுக்குன்னு எது இருந்தாலும் கோழி கொத்தி இழுத்துரும். கம்மலுக்கே இந்தக் கதி."

தேவிப்ரியா அதற்குப் பிறகு புளூடூத்தைப் பற்றிப் பேசவில்லை.

ரஞ்சிதாவுக்குத் தன் தேவை தெரியும். விடியற்காலையிலும் மதியத்திலும் இரண்டு மணி நேரம் முட்டை எடுக்க வேண்டும். இடது கையில் ட்ரே, வலது கையால் முட்டை. அக்காவிடமோ வியாபாரியிடமோ பேசுவதெல்லாம் அந்த நேரத்தில்தான். போனுக்கு மிச்சமிருக்கிற இடம் தோள் ஒன்றுதான். ஆகவே அவள் சோதித்துப் பார்த்துவிட்டு வாங்கலாம் என்றாள். தேவிப்ரியா புது சிம்மை ஒரு போனில் போட்டாள். முட்டை ட்ரேக்குப் பதிலாகப் போன் கவர்கள் அடுக்கிய அட்டைப்பெட்டி ஒன்றைக் கையில் கொடுத்தாள். கதிர்வேல் வெளியே போய், எதிர்ப்புறம் டீக்கடை ஓரமாக நின்று அழைத்தான்.

முதல் போன் எட்டு நொடியில் துண்டித்துக்கொண்டது. தோளில் இடுக்கியதும் ரஞ்சிதாவின் கன்னம் திரையில் சிவப்பு வட்டத்தை அழுத்திவிட்டது. இரண்டாவது போன் அவள் குரலை அடைத்துவிட்டது. டீக்கடை வாசலில் கதிர்வேல் "ஹலோ, ஹலோ" என்று கத்துவது போனில்லாமலே கடைக்குள் கேட்டது. மூன்றாவது போனின் முதுகு பளபளவென்று வழவழப்பாக இருந்தது. அது வழுக்கிக்கொண்டு இறங்கியதை தேவிப்ரியா பாய்ந்து பிடித்தாள். நான்காவது, இருட்டாக ஒரு படம் எடுத்து வைத்திருந்தது. உற்றுப் பார்த்தால் காது என்று தெரிந்தது.

"காதுகிட்ட போனா திரை தானா அணைஞ்சிருங்க்கா. நீங்க இடுக்கறப்ப கொஞ்சம் எடைவெளி வந்துருது. கன்னம் தொட்டுருது" என்று தேவிப்ரியா விளக்கினாள். கவர் மாற்ற வந்த இரண்டு பேர் தங்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஐந்தாவது போன் இரண்டு நிமிடம் தாங்கியது. ரஞ்சிதா பெட்டியோடு கடைக்குள் முன்னும் பின்னும் நடந்தாள். பெட்டியைக் கை மாற்றினாள். திரும்பினாள். கதிர்வேல் வெளியே பேச விஷயம் தீர்ந்து, எதிரே நின்ற பஸ்களின் பெயரைப் படித்துக்கொண்டிருந்தான். அழைப்பு அறுபடவில்லை.

பிறகு மணியோசை. தேவிப்ரியா ஒவ்வொன்றாக ஒலிக்கவிட்டாள். மேளம் வந்தது, "கோழி கம்பியில போயி முட்டிக்கும்" என்றாள் ரஞ்சிதா. குயில் வந்தது, "பருந்துன்னு நெனச்சுக்கும்" என்றாள். கடைசியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுவது போன்ற ஓசை ஒன்றுக்குத் தலையசைத்தாள்.

எல்லாம் முடிந்த பிறகு மெதுவாகக் கேட்டாள்: "ஏங்கண்ணு, பட்டன் போன் இருக்குதா?"

தேவிப்ரியா அடி அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்து மேலே வைத்தாள். அந்த நேரம் பார்த்துக் கதிர்வேல் உள்ளே வந்தான். பட்டன் போனைப் பார்த்தான். மனைவியைப் பார்த்தான். அவன் பார்வையில் அந்தப் பாயசம் வைத்த இலை தெரிந்தது. ரஞ்சிதா ஐந்தாவது போனையே வாங்கிக்கொண்டாள்.

முதல் நான்கு நாட்கள் போன் நன்றாகத்தான் இருந்தது. அதை அவளே ஒப்புக்கொண்டாள். டார்ச் அடித்தால் கொட்டகையின் அந்தக் கடைசி வரைக்கும் வெளிச்சம் போனது. முட்டை விலை அவள் கைக்கே வந்தது. மூன்றாம் நாள், இரண்டாவது வரிசையில் ஒரு கோழி கரகரவென்று மூச்சு விடுவது அவள் காதில் பட்டது. பார்க்கக் கோழி நன்றாகத்தான் இருந்தது, சத்தம்தான் சரியில்லை. படம் எடுத்து என்ன பயன் என்று யோசித்து, கூண்டுக்குப் பக்கத்தில் போனைப் பிடித்து அந்தச் சத்தத்தைப் பதிவு செய்து டாக்டருக்கு அனுப்பினாள். அரை மணி நேரத்தில் டாக்டர் மருந்தின் பெயரைச் சொன்னார். "இத்தன வருசத்துல யாரும் எனக்குக் கோழியோட வாய்ஸ் மெசேஜ் அனுப்புனதில்லங்க" என்றும் சொன்னார். அன்று முழுவதும் ரஞ்சிதா அந்தப் போனை முந்தானையால் துடைத்துத் துடைத்து வைத்தாள்.

ஐந்தாம் நாள் மதியம் கன்னம் தன் வேலையைக் காட்டியது.

முட்டை எடுத்துக்கொண்டே வசந்தாமணியிடம் பேசிக்கொண்டிருந்தாள். "ஞாயித்துக்கெழம நங்கையா வாராங்களாமாக்கா" என்றாள். நங்கையா என்றால் கதிர்வேலின் அக்கா சென்னியம்மாள். ஆட்டையாம்பட்டியில் வாழ்க்கைப்பட்டவள். "காத்தாலதான் போன் பண்ணிப் பேசுனேன். முறுக்கும் வருது."

கடையில் எல்லாச் சோதனையும் செய்தவள் ஒன்றை மட்டும் செய்யவில்லை. குனிந்து பார்க்கவில்லை. கீழ்வரிசைக் கூண்டிலிருக்கும் முட்டையைக் குனிந்துதான் எடுக்க வேண்டும். அவள் குனிந்தாள். போன் காதிலிருந்து விலகியது, திரை விழித்துக்கொண்டது, கன்னம் அதன் மேல் உருண்டது. வசந்தாமணியின் அழைப்பை நிறுத்திவைத்துவிட்டு, பேசியவர்கள் பட்டியலில் முதலில் இருந்த பெயரை அழைத்தது. அது சென்னியம்மாளின் பெயர்.

இதெதுவும் ரஞ்சிதாவுக்குத் தெரியாது. தீவன நேரம் நெருங்கியதால் கோழிகள் ஓயாமல் கத்திக்கொண்டிருந்தன. லைன் சரியில்லை என்று நினைத்து, "ஹலோ, இருக்கறயா?" என்றாள்.

சற்று நேரம் கழித்து, "இருக்கறேன், சொல்லு சாமி" என்று பதில் வந்தது. அந்தக் கூச்சலில் எந்தப் பெண் பேசினாலும் அக்காவின் குரல் மாதிரிதான் இருக்கும்.

"அந்த முறுக்கத்தான் சொல்லிக்கிட்டு இருந்தேன்."

"எந்த முறுக்கு?"

"அதான், எங்க நங்கையா சுத்தறது. கல்லாட்ட இருக்குது. அவரு ஒருக்கா கடிச்சுட்டுப் பல் டாக்டரப் போயிப் பாத்துட்டு வந்தாரு."

பிறகு கேள்வி வந்தது: "அப்பறம் அத என்ன பண்ணுவ?"

"ஊற வெச்சுக் கோழித் தீவனத்துல கலந்துருவேன். மொதல்ல கோழியே திங்கல. இப்பத்தான் பழகியிருக்குது."

"எத்தன வருசமா?"

"கல்யாணம் ஆன நாள்ல இருந்து. பதினாலு வருசம்."

"மொகத்துக்கு நேரா சொல்லியிருக்கலாமல்லோ."

"எப்புடிச் சொல்றது? எனக்கு ஆப்பரேசன் ஆனப்ப பத்து நாளு இங்கயே தங்கி அத்தன கோழியவும் அவியதான் பாத்தாங்க. நம்ம அம்மாகூட அப்படிப் பாத்திருக்க மாட்டா. அந்த மொகத்தப் பாத்து முறுக்கு வேண்டாமுன்னு வாய் வருமா?" ட்ரே நிறைந்துவிட்டது. ரஞ்சிதா நிமிர்ந்தாள். "அத உடு. உன்ற ஊட்டுக்காரரு போர் போடற ரிக் வண்டியோட வந்துட்டாரா?"

"என்ற ஊட்டுக்காரரு கறவ மாட்டுக்குத் தண்ணி காட்டறாரு சாமி. நான் சென்னியம்மா பேசறேன்."

அந்த ட்ரேயில் முப்பது முட்டைகள் இருந்தன. நான்கு பிழைத்தன.

வசந்தாமணி, காத்திருக்கச் சொல்லும் அறிவிப்பை மூன்று மொழிகளிலும் கேட்டுவிட்டுத் தானாகவே வைத்துவிட்டாள். ரஞ்சிதா கொட்டகைக்கு வெளியே சோள மூட்டையின் மேல் உட்கார்ந்தாள். கதிர்வேல் வந்து விஷயத்தைக் கேட்டான்.

"என்ற பேர ஏதாச்சும் சொன்னயா?"

"பல் டாக்டரு வரைக்கும் சொல்லிட்டனுங்க."

அவனும் பக்கத்து மூட்டையில் உட்கார்ந்தான்.

திரும்ப அழைத்து என்ன சொல்வது என்று ரஞ்சிதாவுக்குத் தெரியவில்லை. இரண்டு முறை எண்ணைத் தொட்டு, மணி அடிப்பதற்குள் துண்டித்தாள். கம்பியில் கிழித்துக்கொண்ட கையில் தையல் போட்டபோதுகூட அவள் இப்படி வேதனைப்பட்டதில்லை என்றான் கதிர்வேல். பேசிக்கொண்டே போனை எடுத்துப் பார்த்தான். முதல் தடவையாக அந்தப் போனை அவனுக்கும் பிடிக்கவில்லை.

மறுநாள் பதினோரு மணி பஸ்ஸில் சென்னியம்மாள் வந்து இறங்கினாள். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது. பதினான்கு வருடமாக அவள் முறுக்குத் தூக்குப்போசி இல்லாமல் அந்தப் பண்ணைக்குள் நுழைந்ததில்லை. இன்று கை வெறுங்கையாக இருந்தது.

"வாங்க நங்கையா."

"தம்பி எங்க?"

"தண்ணித் தொட்டி கழுவறாருங்க." அந்தத் தொட்டியை அவன் நேற்றுதான் கழுவியிருந்தான்.

சென்னியம்மாள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தண்ணீர் வாங்கிக் குடித்தாள். ரஞ்சிதா ஆரம்பித்தாள். "நங்கையா, நான் நேத்து ஏதோ கிறுக்குத்தனமா..."

"சித்த பேசாம இரு. நான் ஒண்ணு கேக்கறேன். மொத மொதலா உனக்கு முறுக்குக் கொண்டாந்தேனே, அப்ப என்ன சொன்ன?"

"நல்லாருக்குதுன்னு சொன்னனுங்க."

"அது மட்டுமா சொன்ன? கடையில வாங்கறதெல்லாம் இதுக்குக் கிட்ட நிக்காதுன்னு சொன்ன. மறுக்கா எப்பக் கொண்டாருவீங்கன்னு கேட்ட."

"கல்யாணமாகி மூணு நாளுங்க. வேற என்னங்க சொல்லுவேன்."

"உன்னாலதான் எல்லாம்" என்றாள் சென்னியம்மாள். "எனக்கு முறுக்கே சுத்த வராது. தெருவுக்கு ஒரு முறுக்குக் கட இருக்கற ஊர்ல எவ ஊட்டுல சுத்துவா? அந்த வருசத் தீவாளி நோம்பிக்கு ஒருக்கா சுத்திப் பாத்தேன். எங்க ஊட்டுல ஒருத்தரும் தொடல. வீசி எறிய மனசு வராம இங்க கொண்டாந்தேன். நீ அப்படிச் சொன்ன. நம்ம கைப்பக்குவத்தையும் ஒருத்தி மெச்சறாளேன்னு இருந்துச்சு. அன்னைக்குப் புடிச்சது. மாவு இடிக்கறதும் சுத்தறதுமா ஒரு பொழுதே போயிரும். இப்ப ரெண்டு வருசமா மணிக்கட்டுல தைலம் தேச்சுக்கிட்டுச் சுத்தறேன்."

அந்த மணிக்கட்டை நீட்டிக் காட்டினாள்.

"எனக்கே புடிக்காது அந்த முறுக்கு" என்றாள் சென்னியம்மாள்.

யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. தொட்டிக்குள் குந்தியிருந்த கதிர்வேல், அழுகைச் சத்தமென்று நினைத்துத் தலையைத் தூக்கிப் பார்த்தான். இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவன் தைரியமாக வெளியே வந்தான். சென்னியம்மாள் அவனிடம், "எந்தப் பல்லுடா?" என்று கேட்டாள். அவன் வாயைத் திறந்து காட்டினான்.

சாப்பிட்டு முடித்த பிறகு, கதிர்வேல் இல்லாத நேரத்தில் சென்னியம்மாள் சொன்னாள்: "மொதல்ல கேட்டப்ப வருத்தமாத்தான் இருந்துச்சு சாமி. வெச்சிரலாமுன்னுதான் காதுல இருந்து போன எடுத்தேன். அப்பறம் வெக்கல. நீ எங்கிட்ட அப்படிப் பேசுனதே இல்ல. நல்லாருக்கறீங்களா, சாப்புட்டீங்களா, அதோட முடிச்சிருவ. நேத்துத்தான் பேசுன. அந்த ஆப்பரேசனச் சொன்ன பாரு, அத நீ மறந்துட்டன்னு நெனச்சிருந்தேன்."

ரஞ்சிதா எழுந்துபோய் இன்னொரு டம்ளர் மோர் கொண்டுவந்து கொடுத்தாள்.

சாயங்காலம் ரஞ்சிதாவும் சென்னியம்மாளும் நாமக்கல் கடைக்குப் போனார்கள். தேவிப்ரியா பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"போன்ல ஏதாச்சும் பிரச்சனைங்களாக்கா?"

"போன்ல ஒண்ணும் இல்ல கண்ணு. என்ற கன்னத்துலதான்" என்றாள் ரஞ்சிதா. "இத நான் வெச்சுக்கறேன். படம் எடுக்க, டாக்டருக்கு அனுப்ப இது வேணும். பேசறதுக்கு மட்டும் அந்தப் பட்டன் போனக் குடு."

இந்த முறை அவள் எதையும் விடவில்லை. பெட்டியைக் கையில் வாங்கிக்கொண்டு, போனைத் தோளில் இடுக்கி, கடையின் நடுவில் தரைவரைக்கும் குனிந்தாள், நிமிர்ந்தாள், மறுபடி குனிந்தாள். டீக்கடைப் பக்கம் நின்று பேசியது சென்னியம்மாள். கடைக்காரர் உள்ளறையிலிருந்து எட்டிப் பார்த்தார். தேவிப்ரியா அவரிடம், "செக் பண்றாங்கண்ணா" என்றாள், இது எல்லா வாடிக்கையாளரும் செய்வதுதான் என்பது போல.

இப்போது பெரிய போன் தீவன அறை ஜன்னலில் கவர் போட்டு இருக்கிறது. விலை பார்க்கவும் கோழிகளின் சத்தத்தை டாக்டருக்கு அனுப்பவும் ரஞ்சிதா அதை எடுக்கிறாள். கதிர்வேல் இரண்டு கல்யாணங்களில் கடைசி வாழைப்பழம் வரை இருந்து சாப்பிட்டுவிட்டு வந்தான்.

பட்டன் போன் வாங்கிய மறுநாள் மதியம், முதல் வரிசையில் முட்டை எடுக்கும்போது அது அடித்தது. பொத்தானை அழுத்தித் தோளில் இடுக்கினாள்.

"சொல்லுங்க நங்கையா."

"ஒண்ணுமில்ல சாமி, சும்மாதான். சோலியா இருக்கறயா?"

"முட்ட எடுத்துக்கிட்டு இருக்கறனுங்க. நீங்க பேசுங்க."

சென்னியம்மாள் பேச ஆரம்பித்தாள். பக்கத்து வீட்டுக்காரி புதிதாக வாங்கிய மாட்டைப் பற்றி, அந்த மாட்டின் கோபத்தைப் பற்றி, அதைவிட அவளுடைய கோபத்தைப் பற்றி. ரஞ்சிதா கீழ்வரிசைக்குக் குனிந்தாள்.